வயல் வந்த வழி – 17: மலையில் குடியிருந்த துரு

செங்கோட்டைக்குப் பக்கத்தில், பிரானூர் பார்டரில் சாயங்காலம் சூடேறும் பரோட்டாக் கல் நள்ளிரவு வரை ஆறுவதில்லை. குற்றால சீசன் என்றால் கேட்கவே வேண்டாம். சாரலில் நனைந்து, அருவியில் குளித்து, பசியோடு வருகிற கூட்டத்துக்கு மூட்டை மூட்டையாக மைதா தீரும். அந்த மைதாவில் ஒரு பிடிகூடத் தென்காசிச் சீமையில் விளைந்ததில்லை. இங்கே கார், பிசானம் இரண்டு போகத்துக்கும் நெல். மானாவாரியில் உளுந்தும் சோளமும். சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி. கோதுமை வடக்கே விளைந்து ரயிலேறித் தெற்கே வருவது.

கோதுமையைத் தின்ற நோய் பயணம் செய்ததோ நேர் எதிர்த் திசையில். மத்திய இந்தியாவின் வயல்களைத் தலைமுறை தலைமுறையாக அழித்த கருந்துரு, பழனி மலையிலும் நீலகிரியிலும் இருந்து காற்றேறி வடக்கே போனது. கோதுமையை அதிகம் விளைவிக்காத தமிழ்நாடு, இந்தியக் கோதுமைக்கே நோய்ச் சோதனைக் களமாக ஆன கதைக்கு இதுதான் ஆரம்பம்.

துரு என்பது பூசணம். கோதுமையில் அது மூன்று விதம். தண்டைப் பிடிப்பது கருந்துரு. இலையில் பழுப்பாகப் புள்ளி வைப்பது பழுப்புத் துரு. இலை நரம்பை ஒட்டி வரி வரியாக வருவது மஞ்சள் துரு. மூன்றிலும் மோசமானது கருந்துருதான். அது தண்டின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கதிருக்குப் போக வேண்டிய சாரமும் தண்ணீரும் வழியிலேயே வீணாகும். அறுவடைக்கு மூன்று வாரம் முன்பு வரை பச்சைப் பசேலென்று நின்ற வயல், அறுக்கும்போது சாவியாகக் கிடக்கும். மணி இருக்கும், மாவு இருக்காது.

தக்கிக் கொள்ளையரை ஒடுக்கியவர் என்று பள்ளிப் பாடத்தில் வரும் வில்லியம் ஸ்லீமன், நர்மதைப் பள்ளத்தாக்கில் அதிகாரியாக இருந்தபோது இதைக் கண்ணால் கண்டார். 1844இல் வந்த அவருடைய நினைவுக் குறிப்புகளில் பயிர் நோய்க்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. மைல் கணக்கில் பரந்த கோதுமைக் கரிசலில் நடந்துபோனால் உடுப்பெல்லாம் காவித் தூளாகிவிடும். அறுப்புக் கூலிக்குக்கூடத் தேறாது என்று வயலை அப்படியே விட்டுவிட்டுப் போன விவசாயிகளை அவர் பார்த்திருக்கிறார். ஜனங்கள் சொன்ன காரணங்களையும் எழுதி வைத்தார். பசுவதை, சோரம், வெள்ளைக்காரன் ஆட்சியில் மலிந்த பாவம் என்று அந்தப் பட்டியல் நீளும். சிரிக்க வேண்டியதில்லை. பழைய ரோமாபுரியில் ஏப்ரல் 25ஆம் தேதி துருவுக்கென்று ஒரு தெய்வத்தை வைத்து நாயைப் பலி கொடுத்தார்கள். காரணம் தெரியாத நோய்க்கு எந்த ஊரிலும் கடவுள்தான் பொறுப்பு.

1905இல் பீகாரின் பூசாவில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்தது. பூசணவியலுக்கு எட்வின் பட்லர், பயிர் இனங்களுக்கு ஆல்பர்ட் ஹோவார்ட். ஹோவார்டின் மனைவி கேப்ரியெலும் தேர்ந்த தாவர அறிஞர்; கோதுமை வேலையில் இருவருக்கும் சம பங்கு உண்டு. பட்லர் 1906லேயே ஹேமன் என்பவரோடு சேர்ந்து இந்தியக் கோதுமைத் துருக்களைப் பற்றி நூல் போட்டுவிட்டார். ஹோவார்ட் தம்பதி நாட்டுக் கோதுமைகளைத் திரட்டி, கலந்து கிடந்ததைத் தனித்தனி வகையாகப் பிரித்து, பூசா 4, பூசா 12 போன்ற ரகங்களை எடுத்தார்கள். விளைச்சலிலும் மணியின் தரத்திலும் அவை பெயர் வாங்கின. துருவுக்கு அவற்றில் முழு விடை கிடைக்கவில்லை.

இன்றைக்கு நம் ஊர் இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் மேற்கோள் காட்டப்படுகிற ஹோவார்ட் இவரேதான். பிற்காலத்தில் அவர், நோய் வருவது ரகத்தின் கோளாறு மட்டும் என்று நினைக்கக் கூடாது, மண்ணும் வேரும் சுகமாக இருந்தால் நோய் அண்டாது என்ற பக்கம் போய்விட்டார். அந்தக் கருத்தைச் சொன்ன அவருடைய புகழ்பெற்ற நூல் 1940இல் வந்தது. அதே 1940இல் வந்த இன்னொரு நூல் வேறு வழியைக் காட்டியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் கேம்பிரிட்ஜுக்கு ஓர் எட்டு. 1905இல் அங்கே ரோலண்ட் பிஃபன் என்பவர், மஞ்சள் துருவைத் தாங்கும் கோதுமையையும் அதற்கு எளிதில் பலியாகும் கோதுமையையும் கலந்து பார்த்தார். முதல் தலைமுறை முழுவதும் நோயில் விழுந்தது. அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால், நாலில் ஒரு பங்குச் செடி சுத்தமாக நின்றது. மெண்டல் பட்டாணியில் கண்ட அதே கணக்கு. நோய் தாங்கும் தன்மை பரம்பரையாக வருவது; ஒரு ரகத்தில் இருந்து எடுத்து இன்னொரு ரகத்தில் சேர்க்க முடிவது. பயிர் நோய்ச் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய செய்தி ஒன்றிரண்டுதான் இருக்கும்.

பிறகு அமெரிக்காவில் மின்னசோட்டாவில் ஸ்டேக்மன் என்பவர் வந்து இந்த மகிழ்ச்சியில் கொஞ்சம் மண்ணைப் போட்டார். கருந்துரு ஒரே ஆள் கிடையாது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே பல இனங்கள். ஒரு கோதுமை ஓர் இனத்தைத் தாங்கும், அடுத்த இனத்திடம் தோற்கும். எந்த வயலில் எந்த இனம் வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அவர் பன்னிரண்டு கோதுமைகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றும் எப்படி நோய் வாங்குகிறது என்பதை வைத்து இனத்துக்கு எண் கொடுத்தார். அந்தப் பன்னிரண்டில் ஒன்று இந்தியாவில் இருந்து போனது. அதன் பெயர் கப்லி.

கப்லியை மகாராஷ்டிரக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். நம் மளிகைக் கடைகளில் சம்பா கோதுமை, சம்பா ரவை என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் குடும்பம். உமி மணியை விட்டுப் போகாது. உரலில் இட்டுக் குத்த வேண்டும். சப்பாத்திக்கு மசியாது, உப்புமாவுக்கும் பாயசத்துக்கும் எடுப்பு. நவீன வயலுக்கு ஒத்துவராத இந்தப் பழைய தானியத்திடம்தான் கருந்துரு அதிகம் தோற்றது. ஆஸ்திரேலியாவில் வாட்டர்ஹவுஸ் என்ற அறிஞர் கப்லியை அந்நாட்டுக் கோதுமையோடு கலந்து அதன் எதிர்ப்புச் சக்தியை வெளியே எடுத்தார். அமெரிக்காவில் மெக்ஃபேடன் ரஷ்யாவின் உமிக்கோதுமையைக் கொண்டு அதையே செய்தார். உமி உரிக்கச் சலித்து உலகம் ஒதுக்கிவைத்த தானியத்திடம் உலகமே போய் நின்றது.

இனி அந்த 1940 நூலுக்கு வருவோம். எழுதியவர் கரம் சந்த் மேத்தா. ஆக்ரா கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர், கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். பசுமைப் புரட்சி பற்றிப் பேசுகிற மேடைகளில் இவர் பெயரைக் கேட்பதே அபூர்வம். என் கணக்கில் இந்தியக் கோதுமைக்கு உழைத்தவர்களில் முதல் வரிசையில் உட்கார வேண்டியவர்.

மேத்தாவின் கேள்வி எளிமையானது. வட இந்தியச் சமவெளியில் ஏப்ரலில் கோதுமை அறுப்பு முடிந்துவிடும். மறு விதைப்பு அக்டோபர் கடைசியில், நவம்பரில். நடுவில் வெயில் 45 டிகிரிக்குப் போகும். துருவின் வித்து அந்தச் சூட்டில் பிழைக்காது. உயிருள்ள கோதுமைச் செடி இல்லாமல் வளரவும் முடியாது. ஆக ஒவ்வொரு மே மாதமும் சமவெளியில் துரு செத்துவிடுகிறது. பின் எப்படி ஒவ்வொரு தை, மாசியிலும் திரும்பி வருகிறது?

ஐரோப்பாவில் இதற்கு விடை இருந்தது. அங்கே துரு ஆண்டின் ஒரு பகுதியை பார்பெரி என்ற முட்செடியில் கழிக்கிறது என்று ஜெர்மன் அறிஞர் டி பாரி 1865இல் காட்டிவிட்டார். அமெரிக்கா 1918இல் தொடங்கி அந்தச் செடியைத் தேடித் தேடி வெட்டியது. இந்தியாவிலும் பார்பெரி உண்டு. இமயமலையில் உண்டு, நீலகிரியில் ஊசிக்களா என்று சொல்வதும் அதே குடும்பந்தான். பழியை அதன் மேல் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மேத்தா போடவில்லை. ஆண்டுக்கணக்கில் சோதித்து, இந்தியாவில் துருவின் வருகைக்கும் பார்பெரிக்கும் சம்பந்தமில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

அப்புறம் துருவைக் காற்றில் தேடினார். பசை தடவிய கண்ணாடித் தகடுகளை ஊர் ஊராகக் காற்றில் வைத்து, எந்த வாரம் எந்த ஊரில் வித்து வந்து ஒட்டுகிறது என்று நுண்நோக்கியில் எண்ணினார்கள். கோடையில் எங்கெல்லாம் பச்சைக் கோதுமை நிற்கிறது என்று மலைகளில் அலைந்தார்கள். வடக்கே இமயமலையில் நின்றது. தெற்கே பழனி மலையிலும் நீலகிரியிலும் நின்றது.

நம் மலைகளின் கதை இங்கேதான் வருகிறது. பழனி மலையின் மேல்மலைக் கிராமங்களில் கோதுமை, பார்லி, பூண்டு என்பது பழைய பயிர் வரிசை. நீலகிரியில் படுகர்கள் கோதுமையும் பார்லியும் வெகு காலமாக விதைத்து வந்தார்கள். ஆறாயிரம், ஏழாயிரம் அடி உயரத்தில் வெயில் காலமும் கோதுமைக்குக் குளிர் காலந்தான். சித்திரை, வைகாசியில் ஒரு விதைப்பு. புரட்டாசி, ஐப்பசியில் இன்னொன்று. அறுத்த வயலில் சிந்திய மணி தானாக முளைத்துக் கிடக்கும். ஆக பன்னிரண்டு மாதமும் துருவுக்கு இலை உண்டு. சமவெளியில் செத்த நோய் மலையில் சொகுசாகக் குடித்தனம் நடத்தியது.

மேத்தா சொன்ன தீர்வு துணிச்சலானது: மலையில் கோடைப் பயிரைச் சில வருஷம் நிறுத்துங்கள், தானாக முளைத்ததையும் பிடுங்குங்கள். நோயின் கண்ணி அறுந்துபோகும். தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் மலைக்காரன் வீட்டு அடுப்புக்கு யார் பதில் சொல்வது? ஜபல்பூர் விளைச்சலுக்காகப் பழனி மலையின் பூம்பாறையில் பட்டினி கிடக்கச் சொல்ல முடியுமா? இந்த வழி நியாயத்தில் இடித்தது. மிஞ்சியது ரகந்தான்: துரு வந்தாலும் சாயாத கோதுமை.

அந்த வேலை பெஞ்சமின் பியாரி பாலிடம் வந்தது. பர்மாவில் வளர்ந்தவர், கேம்பிரிட்ஜில் பயின்றவர், பூசாவில் 1933இல் சேர்ந்தார். மறு வருஷம் ஜனவரி 15ஆம் தேதி பீகார் பூகம்பம். நிலையம் இடிந்தது, 1936இல் டெல்லிக்கு இடம் மாறியது. பெயரை மட்டும் கையோடு எடுத்துப் போனார்கள், இன்றும் டெல்லியில் அந்த இடத்துக்குப் பூசா என்றே பெயர். மேத்தா சிம்லாவில் ஒரு சோதனைக்கூடம் அமைத்துத் துரு இனங்களைப் பிரித்து வளர்த்தார். பால் டெல்லியில் கோதுமைகளைக் கலந்தார்.

சோதனை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். முதலில் தொட்டிச் செடி. விதைத்து ஏழெட்டு நாளான நாற்றின் முதல் இலையை ஈர விரலால் மெல்ல நீவி மெழுகை எடுத்துவிடுவார்கள். அதன் மேல் ஒரே இனத்தின் வித்தைத் தடவி, இரண்டு நாள் ஈரக்கூண்டில் மூடி வைப்பார்கள். இரண்டு வாரத்தில் இலை பதில் சொல்லும். ஒன்றுமே இல்லாவிட்டால் 0. ஊசி முனை அளவு வெளிறிய புள்ளி மட்டும் இருந்தால், பூசணம் நுழைந்த இடத்தில் இலை தன் திசுவைத் தானே கொன்று வழியை அடைத்துவிட்டது என்று பொருள். கொப்புளம் சிறிதாகி அதைச் சுற்றிக் காய்ந்த வட்டம் இருந்தால் 1. பெரிதாகப் பொங்கிக் காவித் தூள் உதிர்ந்தால் 4.

அதில் தேறியது வயலுக்குப் போகும். வயலில் நோயைக் கேட்டு வாங்குவார்கள். பாத்தியைச் சுற்றிலும், நடுவில் இடைவெளி விட்டும், நோயில் முதலில் விழுகிற ரகத்தை ஒரு வரிசை நடுவது வழக்கம். இந்தியாவில் அதற்குப் பேர்போனது ஆக்ரா லோக்கல். வித்தைத் தண்ணீரில் கலக்கி, ஊசிக்குழாயால் அதன் குருத்தில் ஏற்றுவார்கள். அந்த வரிசையில் நோய் பெருகி, காற்றில் பக்கத்து வரிசைக்கெல்லாம் பரவும். பிறகு நோட்டும் பென்சிலுமாகக் குனிந்து குனிந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஆஸ்திரேலியாவின் காப் 1892 வாக்கில் போட்ட அளவுகோல் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது: தண்டில் எத்தனை சதவீதம் துரு மூடியிருக்கிறது, கொப்புளம் என்ன வகை. ‘80 எஸ்’ என்றால் ரகம் போச்சு. ‘5 ஆர்’ என்றால் அடுத்த வருஷமும் உயிரோடிருக்கும். இந்த இரண்டு குறிப்புக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான செடிகள் குப்பைக்குப் போகும்.

இப்படிச் சலித்துச் சலித்து, மூன்று துருவையும் தாங்கும் என்.பி. 809 என்ற ரகம் 1954இல் வந்தது. பால் பூசாவில் சேர்ந்து 21 வருஷம் ஆகியிருந்தது. இடையில் 1946–47இல் மத்திய இந்தியாவைக் கருந்துரு வாரிக்கொண்டு போயிருந்தது. பசிக் கவலை உச்சத்தில் இருந்த, சுதந்திரத்துக்கு முந்தைய வருஷம் அது. பொறுமை என்பதைப் பற்றி உபதேசம் செய்கிறவர்கள் அந்த வருஷங்களில் பாலின் நோட்டைப் பார்த்திருக்க வேண்டும். மனிதர் ரோஜாக்களிலும் கை தேர்ந்தவர். புது ரோஜா வகைகள் பல அவர் தோட்டத்தில் பிறந்தன.

நோய் குடியிருக்கும் வீட்டுக்கே சோதனையைக் கொண்டுபோகலாம் என்ற யோசனைதான் வெலிங்டன். குன்னூருக்குப் பக்கத்தில் ராணுவக் கல்லூரி ஊர் என்றே பலருக்குத் தெரியும். அங்கே 1950களில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் அமைந்தது. டெல்லியில் துருவைச் செயற்கையாக வரவழைக்க வேண்டும். வெலிங்டனில் அதுவே வந்து சேரும். இன்னொரு லாபமும் உண்டு. வடக்கே அறுத்த விதையை மே மாதம் இங்கே அனுப்பினால் சாரல் காலத்தில் ஒரு போகம் எடுத்து, நவம்பர் விதைப்புக்கு அங்கே திருப்பி அனுப்பிவிடலாம். வருஷத்துக்கு ஒரு தலைமுறை என்றிருந்தது இரண்டானது. ஒரு ரகத்தை உருவாக்கப் பத்து வருஷம் பிடிக்கும் தொழிலில் இது சாதாரண விஷயமில்லை. பஞ்சாப் கோதுமையின் முன்னோர்களில் எத்தனையோ நீலகிரிப் பனியில் ஒரு பருவம் நனைந்தவை.

1966இல் 18,000 டன் மெக்சிகோ விதை இறங்கியதும், விளைச்சல் கூடியதும் எல்லோரும் அறிந்த கதை, விட்டுவிடலாம். அறியாத பகுதி ஒன்று உண்டு. அந்த அலையில் புகழ் பெற்ற கல்யாண் சோனா ரகம் 1970களின் தொடக்கத்தில் பழுப்புத் துருவிடம் தோற்றது. ஒரே ரகம் நாடெங்கும் நின்றால், அதைத் தாண்டத் தெரிந்த ஒரு பூசண இனம் பிறந்தால் போதும்.

அதே பத்தாண்டில் நாகராஜன், ஜோஷி உள்ளிட்ட விஞ்ஞானிகள் மேத்தா விட்ட இடத்தில் இருந்து காற்றைப் படித்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால், பிசானத்துக்குக் குளம் பெருகுமா என்று நாம் பார்க்கிறோம். அவர்கள் பார்த்தது வேறு. அந்தச் சுழற்சி தென் பகுதியில் கரையேறி வலுவிழக்கும்போது, பழனி, நீலகிரி மலைகளின் துரு வித்து மேலே தூக்கப்பட்டு மத்திய இந்தியாவை நோக்கிப் போகிறது. அங்கே பெய்யும் மழை அதைக் கழுவிப் பயிரின் மேல் இறக்குகிறது. செயற்கைக்கோள் படத்தையும், மழைநீரில் சிக்கிய வித்தையும், சில வாரம் கழித்து வயலில் தெரியும் கொப்புளத்தையும் சேர்த்துவைத்து விதிகளாக எழுதினார்கள். மேத்தா கண்ணாடித் தகட்டில் சந்தேகித்தது வானத்துப் படத்தில் உறுதியானது. அவர் 1950லேயே காலமாகிவிட்டார்.

தோற்பதற்கென்றே வளர்க்கப்படும் ஆக்ரா லோக்கலைப் பற்றி மேலே சொன்னேன். நெல்லிலும் அப்படி ஒன்று உண்டு. குலை நோய் ஆராய்ச்சி நடக்கும் இடங்களில், நோயில் விழுந்து காட்ட நடப்படுவது கோயமுத்தூரில் பிறந்த கோ 39. எதிர்ப்புச் சக்தி அதிகம் இல்லாத, கிட்டத்தட்ட வெள்ளைக் காகிதம் என்பதாலேயே, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் நிலையம் அதில் ஒவ்வொரு நோய் தாங்கும் மரபணுவையும் தனித்தனியாக ஏற்றி ஒரு சோதனை வரிசையையே உருவாக்கியது.

அந்தக் கோ 39 நமக்கு அந்நியமில்லை. 1937இல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் நிலையம் 1986இல் வெளியிட்ட அம்பை 16, ஆடுதுறை 31க்கும் கோ 39க்கும் பிறந்த பிள்ளை. குட்டையான, உருண்ட அந்த அரிசி இட்லிப் பானைக்குப் போகாத வீடு இந்தப் பக்கம் குறைவு. மார்கழிப் பனியில் பிசான நெல் கதிர் தள்ளும்போது, கழுத்தில் கருத்து ஒடிந்து வெள்ளைக் கதிராகத் தொங்குவதைத் தென்காசி விவசாயிக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தக் குலை நோய் முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் தஞ்சாவூர்ப் படுகையைத் தாக்கியதையும், கோயமுத்தூரில் கே. ராமையா குழுவினர் கோ 4 என்ற நெல்லை வைத்து அதற்குப் பதில் தேடியதையும் அடுத்த இதழில் பார்ப்போம்.